பழைய 1 டிபி வன்தட்டுக்கு மாற்றாக எதை வாங்குவது?

மந்தைவெளிவாசி:

அனைவருக்கும் வணக்கம். 2014 ஆம் ஆண்டில் என் மகன் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக் கொடுத்த மேசைக் கணினியைத்தான் இன்றும் பயன்படுத்தி வருகிறேன். நான்காம் தலைமுறை ஐ3 செயலி, எச்81 தாய்ப்பலகை, 8 ஜிபி நினைவகம், 1 டிபி வன்தட்டு ஒன்று. விண்டோஸும் அதில்தான், வீட்டுக் கோப்புகள் அத்தனையும் அதில்தான். ஒரு மாதமாகக் கணினி திறந்து கைக்கு வருவதற்கே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. சில படக் கோப்புறைகளைத் திறந்தால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. ஓரிரு முறை பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய தட்டல் ஓசையும் கேட்டது. மகன் வெளிநாட்டில் இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

தட்டில் ஏறக்குறைய 780 ஜிபி நிரம்பியிருக்கிறது. என் கணவர் பல ஆண்டுகளாக வானொலியிலிருந்து பதிவு செய்து வைத்திருந்த முந்நூறு ஒலிநாடாக்களை, பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கணினிக்கு மாற்றினேன். ஒரு மணி நேர நாடா, சுருக்கப்படாத வேவ் கோப்பாக 635 எம்பி வருகிறது. கையடக்கக் காணொளிக் கேமராவின் இருபது மினி டிவி நாடாக்களில் இருந்த குடும்ப நிகழ்ச்சிகள் மணிக்கு 13 ஜிபி வீதம் இடத்தை எடுத்துக்கொண்டன. மிச்சம் புகைப்படங்கள். ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துவிட்டதால் அவற்றைக் கழித்துவிட்டேன். ஆகவே கணினியில் இருப்பதுதான் இப்போது மூலம். வேறு நகல் கிடையாது என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இரண்டு கடைகளில் விசாரித்தேன். ஒருவர் 2 டிபி மேசைக் கணினித் தட்டு ஒன்றைக் காட்டினார். இன்னொருவர், கண்காணிப்பு கேமராக்களுக்கு வரும் தட்டு இரவும் பகலும் ஓடக்கூடியது என்பதால் அதையே வாங்கச் சொன்னார். உறவுக்காரப் பையன் ஒருவனோ, இனி ஹார்டு டிஸ்க் என்பதே வேண்டாம், சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி ஒன்றே போதும் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது, எத்தனை டிபி வாங்குவது என்று தெரியப்படுத்தினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


சுழல்தட்டு:

வணக்கம் அம்மா. புதிய தட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் பழையதன் நிலையைப் பார்த்துவிட வேண்டும். ஒவ்வொரு வன்தட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவித் திறந்தால் வரிசை வரிசையாக எண்கள் தெரியும். அவற்றில் இடம் மாற்றப்பட்ட பகுதிகள், நிலுவையிலுள்ள பகுதிகள், சிஆர்சி பிழைகள், ஓடிய மணி நேரம் ஆகிய நான்கு மட்டும் எனக்குப் போதும்.

அதுவரை ஒரு வேண்டுகோள். தட்டைச் சரிபார்க்கும் விண்டோஸ் கட்டளையையோ, கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் வேலையையோ தயவுசெய்து ஓட விடாதீர்கள். நோயாளியை மாடிப்படி ஏறச் சொல்லிச் சோதிப்பதற்கு அது ஒப்பாகும். தேவையில்லாத நேரத்தில் கணினியை அணைத்தே வைத்திருங்கள்.


மந்தைவெளிவாசி:

நீங்கள் சொன்னபடி பார்த்தேன் ஐயா. இடம் மாற்றப்பட்டவை பூஜ்யம். நிலுவையிலுள்ளவை 18. சிஆர்சி பிழைகள் 412. ஓடிய நேரம் 23,100 மணி. மேலே மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை என்று காட்டுகிறது. பூஜ்யம் என்பது நல்ல செய்திதானே?


சுழல்தட்டு:

அரை நல்ல செய்தி. முதலில் ஒரு சிறு திருத்தம்: அந்த மென்பொருள், அமைப்பை மாற்றாதவரை, மூல எண்களைப் பதினாறடிமான முறையில், அதாவது பத்து பத்தாக எண்ணாமல் பதினாறு பதினாறாக எண்ணிக் காட்டும். ஆகவே நீங்கள் பார்த்த 18 என்பது நாம் எண்ணுகிற முறையில் 24. அதே கணக்கில் 412 என்பது 1,042. ஓடிய மணியை மட்டும் மேலே தனிக் கட்டத்தில் நமக்குப் பழகிய எண்ணிலேயே காட்டும். 23,100 மணி என்பது பதினோரு ஆண்டுகளில் நாளொன்றுக்கு ஆறு மணிக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஒரு குடும்பக் கணினி நியாயமாக உழைத்திருக்கிற நேரம்.

நிலுவையிலுள்ள 24 பகுதிகள் என்பவை, தட்டு படிக்க முயன்று படிக்க முடியாமல் போன இடங்கள். மறுபடியும் அவற்றின் மேல் எழுதும்போதுதான் அந்த இடம் தேறுமா, அல்லது அதைக் கைவிட்டுச் சேமிப்பிலுள்ள மாற்று இடத்தைக் கொடுக்க வேண்டுமா என்று தட்டு முடிவு செய்யும். இன்னும் எழுத வாய்ப்பு வராததால் இடம் மாற்றப்பட்டவை பூஜ்யமாகவே நிற்கின்றன. உங்கள் படக் கோப்புறைகள் உறைந்து நிற்பதற்குக் காரணம் இந்த 24 தான்: படிக்க முடியாத இடத்தை மேசைக் கணினித் தட்டு சலிக்காமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், அதுவரை விண்டோஸ் காத்துக்கொண்டிருக்கும்.

சிஆர்சி பிழைகள் வேறு வகையானவை. அவை தட்டுக்குள் நிகழ்வதில்லை. தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையிலுள்ள சாட்டா கேபிளில் நிகழ்பவை. கடற்கரைக்கு அண்மையில் உள்ள வீடுகளில் பதினோரு ஆண்டுகள் இருந்த கேபிளின் முனைகள் கறுத்துப் போவதை நான் பழுதுபார்ப்பில் இருந்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். கேபிளை மாற்றிவிடுங்கள்; தட்டையும் மாற்றத்தான் வேண்டும்.

இப்போது உங்கள் கேள்வி. ஒரே தட்டு இரண்டு வேலைகளைச் செய்து வந்தது என்பதே உங்கள் கணினியின் முதல் குறை. விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கிறது. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் தட்டில்கூட, தேவையான இடம் படிப்பு முனைக்குக் கீழே வந்து சேரவே சராசரியாக 4.17 மில்லி விநாடி ஆகும். 5,400 சுற்றுத் தட்டில் 5.56. முனை நகர்வதற்கு ஆகும் நேரம் இதற்கு மேல். எஸ்எஸ்டியில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஆகவே விண்டோஸுக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டி, ஒலிப்பதிவுகளுக்கும் காணொளிகளுக்கும் ஒரு வன்தட்டு என்று வேலையைப் பிரித்துக் கொடுங்கள். எச்81 பலகைகளில், எஸ்எஸ்டியை நேராகப் பலகையிலேயே செருகும் எம்.2 இடம் பெரும்பாலும் இருக்காது; 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியாகப் பார்த்து வாங்குங்கள். அந்தப் பலகையில் நான்கு சாட்டா வாய்கள் உண்டு. இரண்டு 6 ஜிகாபிட் வேகமுடையவை, மற்ற இரண்டும் 3 ஜிகாபிட். வேகமான வாயை எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள். வன்தட்டு விநாடிக்கு 200 எம்பியைச் சுற்றியே ஓடும் என்பதால் 3 ஜிகாபிட் வாயிலேயே அதற்குத் தாராளம்.

இனி எந்த வன்தட்டு என்பது. கடைக்காரர் சொல்லாமல் விடுகிற ஒரு வேறுபாட்டில்தான் இந்தத் தேர்வு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பேன்: தட்டில் தடங்கள் எப்படிப் பதியப்படுகின்றன என்பது. வழக்கமான முறையில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடையே இடைவெளி உண்டு. இதை சிஎம்ஆர் என்கிறார்கள். மற்றொரு முறையில், எழுதும் முனை அகலமானது, படிக்கும் முனை ஒடுங்கியது என்ற வசதியைப் பயன்படுத்திக்கொண்டு, ஒரு தடத்தின் ஓரத்தின் மேல் அடுத்த தடத்தை ஏற்றிப் பதிகிறார்கள், அது எஸ்எம்ஆர். நாட்டு ஓடு வேய்ந்த கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த முறைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே ஓடு வேய்வதிலிருந்து வந்ததுதான். நடுவில் ஓர் ஓடு உடைந்தால், அதை மட்டும் உருவி மாற்ற முடியாது; மேலே படிந்த வரிசையையும் கலைத்துத் திரும்ப அடுக்க வேண்டும். எஸ்எம்ஆர் தட்டில் ஒரு கோப்பைத் திருத்தி எழுதினால் நிகழ்வதும் அதுவே: அந்தத் தடத்தைத் தொட்டால் அதன் மேல் படிந்த தடங்கள் அழியும் என்பதால், அந்தத் தொகுதியில் எஞ்சியவற்றையும் எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். இந்தச் சிரமம் வெளியே தெரியாமலிருக்க, வந்ததை முதலில் ஒரு தற்காலிகப் பகுதியில் இறக்கிவைத்து, கணினி சும்மா இருக்கும் நேரத்தில் தட்டு உரிய இடத்தில் அடுக்கிக்கொள்ளும். அந்தப் பகுதி நிரம்பும்வரை எல்லாம் சுகமாக இருக்கும். நீங்கள் 700 ஜிபியை ஒரே மூச்சில் கொட்டப் போகிறீர்கள். நடுவழியில் வேகம் படுத்துவிட வாய்ப்பு உண்டு, அப்போது தட்டு பழுதோ என்று அஞ்சிக் கடைக்கு ஓடுவீர்கள்.

எஸ்எம்ஆர் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஒரு முறை எழுதிப் பலமுறை படிக்கிற வேலைக்கு, குறிப்பாக நகல் எடுத்து அலமாரியில் வைப்பதற்கு, அது போதும், விலையும் குறைவு. ஆனால் எது எந்த முறை என்று வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டும் அல்லவா? 2020 ஏப்ரலில், உலகில் எஞ்சியிருக்கிற மூன்று வன்தட்டுத் தயாரிப்பாளர்களான சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூவருமே சில தட்டுகளில் இதைச் சொல்லாமல் புகுத்தியிருந்தது வெளியே வந்தது. அதன் பிறகே எந்த மாதிரி எந்த முறை என்ற பட்டியல்களை வெளியிட்டார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் என்ற வரிசையில் ரெட் பிளஸ் என்ற பெயர் தனியாகப் பிரிந்ததும் அப்போதுதான். ரெட் பிளஸ் என்றால் சிஎம்ஆர். சீகேட்டில் அயர்ன்வுல்ஃப் வரிசை சிஎம்ஆர். மாறாக, மேசைக் கணினிக்கென்று விற்கப்படும் பாரகுடா வரிசையில் 1 டிபி தட்டு சிஎம்ஆராகவும் 2 டிபி முதல் 8 டிபி வரையிலானவை எஸ்எம்ஆராகவும் இருக்கின்றன. உங்களுக்குக் காட்டப்பட்ட 2 டிபி தட்டு எது என்று தெரியாது; மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து தயாரிப்பாளரின் விவரத் தாளில் பார்த்துவிடுங்கள்.

என் பரிந்துரை: 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, 4 டிபி சிஎம்ஆர் வன்தட்டு ஒன்று. நகலுக்கு என்ன செய்வது என்பதை அனுபவப்பட்டவர்கள் சொல்லட்டும்.


முகப்பேர் பொறியாளர்:

மேலே எழுதியவருடன் ஓரளவுக்கே உடன்படுகிறேன். 780 ஜிபிதான் தரவு என்றால் 4 டிபி எதற்கு? ஒலிப்பதிவுகளை ஃபிளாக் வடிவுக்கு மாற்றினால் ஒலியில் ஒரு துளியும் குறையாமல் அளவு ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கும்; 190 ஜிபி நூற்றுச் சொச்சம் ஆகிவிடும். பிறகு 2 டிபி எஸ்எஸ்டி ஒன்றிலேயே விண்டோஸும் கோப்புகளும் அடங்கிவிடும். ஓசை இல்லை, சூடு இல்லை, கீழே விழுந்தாலும் அச்சம் இல்லை. 1956 இல் ஐபிஎம் முதல் வன்தட்டை விற்றபோது 24 அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகளைச் சுழற்றி ஐந்து மில்லியன் எழுத்துகளைச் சேமித்தார்கள். சுழற்றுவது என்ற அந்த யோசனைக்கு வீட்டில் இனி என்ன வேலை என்பது என் எண்ணம்.


சுழல்தட்டு:

ஃபிளாக் பற்றிச் சொன்னது மிக நல்ல யோசனை. அதை அம்மா கட்டாயம் செய்ய வேண்டும். மற்றதில் இரண்டு மறுப்புகள். வீட்டில் பேரப்பிள்ளைகளின் கைபேசிக் காணொளிகளும் இனி இங்கேதான் வந்து இறங்கும். 4கே காணொளி, விநாடிக்கு 60 சட்டக வேகத்தில் எடுத்தால் நிமிடத்துக்கு 400 எம்பி வரை வரும். 2 டிபி இரண்டு கோடை விடுமுறைகளைத் தாங்கினால் பெரிது.

இரண்டாவது, எஸ்எஸ்டியில் தரவு மின்னூட்டமாக இருக்கிறது. மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அது கசியும். வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டி தன் எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த நிலையில், 30 டிகிரி வெப்பத்தில், மின்சாரமின்றி ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே, நினைவகச் சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை கேட்பது. புதிய எஸ்எஸ்டி அதைவிட நெடுநாள் தாங்கும் என்பது உண்மை. ஆனால் சித்திரை மாதத்துச் சென்னையில் 30 டிகிரி உள்ள பூட்டிய அறையை எங்கே தேடுவது? நாள்தோறும் ஓடும் கணினிக்குள் இருக்கட்டும். அலமாரியில் வைக்கும் நகலுக்கு நான் அதை நம்ப மாட்டேன்.


நங்கநல்லூரான்:

கண்காணிப்பு கேமராத் தட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளாக அப்படி ஒன்றை வீட்டுக் கணினியில் வைத்திருக்கிறேன். இதைக் கணினியில் மாட்டினால் பிழையான தரவையும் கண்டுகொள்ளாமல் எழுதிவிடும் என்று ஒரு வதந்தி உலவுகிறது. கேமராப் பதிவுப் பெட்டி, ஒரு சட்டகம் கெட்டாலும் பரவாயில்லை, தாமதம் கூடாது என்று தட்டுக்கு ஆணையிடுவதற்கென்று தனிக் கட்டளைகள் உண்டு. அந்த ஆணையைப் பிறப்பிப்பது பெட்டிதான். விண்டோஸ் அப்படி எதையும் அனுப்புவதில்லை; ஆகவே தட்டும் சாதாரணத் தட்டைப் போலவே நடந்துகொள்கிறது. இருந்தாலும் உங்களுக்கு அதை வாங்கச் சொல்ல மாட்டேன். கேமராத் தட்டு ரிச்சி தெருவில் மூட்டை மூட்டையாக விற்கிறது. கடைக்காரரின் பரிந்துரைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஒரே விலையில் அயர்ன்வுல்ஃப் வகை கிடைத்தால் அதை எடுங்கள். அந்த வகைத் தட்டுகள், படிக்க முடியாத இடத்தில் ஏழு விநாடிக்கு மேல் போராடாமல் பிழை என்று சொல்லிவிடும். பல தட்டுகள் கூடி வேலை செய்யும் பெட்டிக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். தனித் தட்டாக மாட்டுகிறவருக்கு அது ஒரு குறை என்று சிலர் வாதிடுவார்கள். ஏழு விநாடியில் படிக்க முடியாததை எழுபது விநாடியில் படித்துக் கொடுத்த தட்டை நான் பார்த்ததில்லை என்பதால் எனக்கு அது பொருட்டில்லை.

வாங்கும் முறை பற்றிச் சில வார்த்தைகள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மந்தைவெளியிலிருந்து பறக்கும் ரயிலில் ஏறினால் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்துவிடலாம். தட்டை மடியில் வைத்துக்கொண்டு திரும்ப ரயிலே நல்லது, ஆட்டோவின் குலுக்கல் வேண்டாம். பணம் கொடுப்பதற்கு முன் தட்டின் தொடர் எண்ணைக் கைபேசியில் தயாரிப்பாளரின் தளத்தில் அடித்து, இந்தியாவில் உத்தரவாதம் உண்டா, எந்த நாள்வரை உண்டு என்று அங்கேயே பாருங்கள். வெளிநாட்டுச் சந்தைக்கென்று வந்த தட்டு இங்கே சற்று மலிவாகக் கிடைக்கும்; பழுதானால் இங்குள்ள சேவை மையம் கை விரித்துவிடும். மேசைக் கணினி வகைக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு உத்தரவாதம், அயர்ன்வுல்ஃபுக்கும் ரெட் பிளஸுக்கும் மூன்று ஆண்டு. ரசீதில் ஜிஎஸ்டி எண்ணும் தொடர் எண்ணும் இருக்க வேண்டும். ரசீது இல்லாமல் என்றால் இருநூறு குறைத்துக்கொள்கிறேன் என்பார்கள். எனக்கு ஒருமுறை அந்த இருநூறு ரூபாய் ஒரு முழுத் தட்டின் விலையாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்மார்ட் எண்களைப் பாருங்கள். ஓடிய மணி பூஜ்யமாகவோ ஒன்றிரண்டாகவோ இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் எங்கோ உழைத்துக் களைத்த தட்டை உறை மாற்றித் தந்திருக்கிறார்கள் என்று பொருள். பிறகு, விரைவு வகையைத் தவிர்த்து முழு ஃபார்மட் செய்யுங்கள். தட்டின் ஒவ்வோர் இடமும் எழுதப்பட்டுவிடுவதால் அதுவே ஒரு சோதனை. 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். தொடங்கும்போது, தட்டின் பகுதிகளைக் குறித்துவைக்கும் முறை எம்பிஆரா, ஜிபிடியா என்று கேட்கும், ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் 2 டிபிக்கு மேல் எண்ணாது; மீதிப் பாதி கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும். இன்னொன்று: 4 டிபி வாங்கி விண்டோஸில் 3.63 என்று பார்த்ததும் கடைக்காரரைத் திட்ட வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024 ஆல் வகுக்கிறது. உங்கள் 1 டிபி தட்டும் 931 என்றுதான் இத்தனை நாளும் காட்டியிருக்கும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. உங்கள் செயலியை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. அது தனிக் கேள்வி, தனியாக எழுப்புங்கள். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் பற்றிப் பேசலாம்.


வேளச்சேரிக்காரர்:

நகலைப் பற்றி அனுபவப்பட்டவர்கள் எழுதட்டும் என்று மேலே ஒருவர் எழுதியிருந்ததால் எழுதுகிறேன்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் எங்கள் தரைத்தள வீட்டில் இடுப்பளவுக்கு நீர் ஏறியது. என்னிடம் நகல் இருந்தது. ஒழுங்காக மாதந்தோறும் எடுத்துவந்த நகல். கணினி மேசைக்குக் கீழே தரையில் இருந்தது. நகல் இருந்த வெளித் தட்டு அதே மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் மூழ்கின. நீர் வடிந்த பிறகு நான் செய்த காரியத்தை வேறு யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். முடி உலர்த்தும் கருவியால் இரண்டையும் நன்றாக உலர்த்தி, மூன்றாம் நாள் மின் இணைப்புக் கொடுத்தேன். சாதாரண வன்தட்டு காற்றுப் புகாத பெட்டி அன்று. காற்றழுத்தம் சமமாவதற்கென்று வடிகட்டியுடன் ஒரு சிறு துளை அதற்கு உண்டு. அதன் வழியே போன நீர் உலர்ந்தபோது சேற்றுப் பொடி உள்ளேயே தங்கிவிட்டது. முனை தட்டின் மேல் பறக்கும் உயரம் சில நானோமீட்டர்கள். மின்சாரம் கொடுத்த சில விநாடிகளில் கேட்ட ஓசையை நான் விவரிக்கப் போவதில்லை. தரவு மீட்பு நிலையத்தில் பிறகு சொன்னார்கள்: உலர்த்தாமல், மின்சாரம் கொடுக்காமல், ஈரத்தோடு பையில் கட்டிக் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று. மின்சுற்றுப் பலகையை வேறொரு தட்டிலிருந்து கழற்றி மாட்டும் பழைய வித்தையும் இப்போது பலிக்காது. ஒவ்வொரு தட்டுக்கும் உரிய அளவீடுகள் அந்தந்தப் பலகையில் தனித்தனியாகப் பதியப்பட்டிருக்கின்றன.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இது. கணினிக்குள் ஒன்று. யுஎஸ்பியில் செருகும் 2.5 அங்குலத் தட்டுகள் இரண்டு. எஸ்எம்ஆர்தான், நகலுக்கு அது போதும். அவற்றில் ஒன்று எங்கள் வீட்டு மேல் பரணில், மற்றொன்று பெரம்பூரில் என் அக்கா வீட்டின் மாடியில். பொங்கல், ஆடிப் பதினெட்டு, தீபாவளி என்று அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பையில் ஒரு தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கிருப்பதை எடுத்து வருகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் தெருவில் நீர் நின்றது. அந்த இரண்டு நாள்களில் நான் கோப்புகளைப் பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை.

அம்மா, மந்தைவெளி மேடா பள்ளமா என்று பார்க்க வேண்டாம். தரைத்தளம் என்றால் கணினியை மேசை மேல் ஏற்றுங்கள். யுபிஎஸ் இல்லையென்றால் அதையும் வாங்குங்கள். மின்சாரம் போனால், சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் விசையிலிருந்தே மின்சாரம் எடுத்து முனை தன் இடத்தில் போய் ஒதுங்கிவிடும் என்பதால் தட்டு உடனே கெடுவதில்லை. பாதி எழுதிய கோப்புதான் கெடும்.


மந்தைவெளிவாசி:

உங்கள் அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை போய் வந்தேன். 500 ஜிபி எஸ்எஸ்டி, 4 டிபி அயர்ன்வுல்ஃப், வெளியில் வைக்க 2 டிபி தட்டு ஒன்று, இரண்டு சாட்டா கேபிள்கள். மகன் சொன்ன தொகையைத் தாண்டிவிட்டேன். இரண்டாவது வெளித் தட்டைப் பொங்கலுக்கு வாங்குவதாக இருக்கிறேன். தொடர் எண்ணைக் கடையிலேயே சரிபார்க்கக் கேட்டபோது முதல் கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். அடுத்த கடைக்குப் போனேன், அவர் தாமாகவே அடித்துக் காட்டினார்.

பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளை வந்து மாட்டிக் கொடுத்தான். வன்தட்டுக்கு உரிய திருகாணியும் எஸ்எஸ்டிக்கு உரிய திருகாணியும் வெவ்வேறு பருமன் என்பது மாட்டும்போதுதான் தெரிந்தது; எஸ்எஸ்டியை இப்போதைக்கு இரண்டு திருகாணியில் நிறுத்தியிருக்கிறோம். புதிய தட்டில் ஓடிய மணி பூஜ்யம். முழு ஃபார்மட் எட்டு மணி நேரத்தை நெருங்கியது. விண்டோஸைப் பழைய தட்டிலிருந்து நகலெடுக்காமல் எஸ்எஸ்டியில் புதிதாக நிறுவினோம்.

கோப்புகளை மாற்றும்போது முதலில் ஒலிப்பதிவுகளை எடுத்தேன், அனைத்தும் வந்துவிட்டன. காணொளிகளும் வந்துவிட்டன. புகைப்படங்களில் மூன்று மட்டும் எத்தனை முறை முயன்றும் படியவில்லை. அவற்றில் இரண்டு மகளின் கைபேசியில் இருந்தன. மூன்றாவது என்ன படம் என்று எனக்கே நினைவில்லை.

கணினி இப்போது இருபது விநாடிக்குள் திறக்கிறது. இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. பழைய தட்டுக்குக் கேபிளை மாற்றிய பிறகும் சிஆர்சி எண் குறையவே இல்லையே? அந்தத் தட்டை இனி எதற்காவது பயன்படுத்தலாமா, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?


சுழல்தட்டு:

சிஆர்சி எண் ஒருபோதும் குறையாது அம்மா. அது மொத்தக் கணக்கு. புதிய கேபிளில் கோப்புகளை மாற்றி முடித்த பிறகும் அதே எண்ணில் நின்றிருந்தால் கேபிள்தான் குற்றவாளி என்று உறுதியாகிவிடும்.

பழைய தட்டைப் பொங்கல்வரை அப்படியே எடுத்து வையுங்கள். அந்த மூன்றாவது படத்துக்காக மட்டும் அன்று, வெளித் தட்டு இரண்டாகும்வரை அதுவும் ஒரு நகல் என்பதால். மின் இணைப்பு வேண்டாம், உறையில் போட்டுப் பரணில் வைத்தால் போதும். அதன் பிறகு, வேறொரு கணினியில் துணைத் தட்டாக மாட்டி ஒருமுறை முழு ஃபார்மட் செய்யச் சொல்லுங்கள். விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸில் முழு ஃபார்மட் தட்டு முழுவதும் பூஜ்யங்களை எழுதிவிடும் என்பதால் உங்கள் குடும்பப் படங்கள் யார் கைக்கும் போகாது. அப்போது ஸ்மார்ட்டைத் திறந்து பார்த்தால் நிலுவையிலிருந்த 24 இல் எத்தனை தேறின, எத்தனை இடம் மாற்றப்பட்டன என்பதும் தெரிந்துவிடும். நேரம் இருந்தால் அந்த எண்களை இங்கே எழுதுங்கள். எனக்கு அறிய ஆவல். எண் என்னவாக இருந்தாலும் தட்டை மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுத்துவிடலாம்.